கருங்காலியும் ஒற்றரும்: ‘ஷெர்வுட்’ தொடரை முன்வைத்து



இந்த மேடையில் வழக்கமாக ஒரு நூலையோ ஓர் எழுத்தாளரையோ முன்வைத்துப் பேசுவோம். இம்முறை ஒரு தொலைக்காட்சித் தொடரை எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதுவும் பிரிட்டிஷ் தொடர். அதிலும் கொலை, துப்பறிதல் வகை. நினைவுச் சொற்பொழிவில் போலீஸ் கதையா என்று எங்களுக்குள்ளேயே சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இந்தத் தொடரில் கொலை செய்தது யார் என்பது சின்னக் கேள்வி. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரைப் பிளந்தது யார், பிளந்தபடியே அதை இத்தனை காலம் வைத்திருந்தது எது என்பதுதான் பெரிய கேள்வி. ஒரு போராட்டம் தோற்றுப்போன பிறகு, தோற்றவர்கள் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது இயக்கங்களில் இருக்கிற நம் யாருக்கும் அந்நியமான விஷயம் அல்ல.

‘ஷெர்வுட்’ 2022 ஜூனில் பி.பி.சி.யில் ஆறு பகுதிகளாக வெளிவந்தது. எழுதியவர் நாடகாசிரியர் ஜேம்ஸ் கிரஹாம். நாட்டிங்ஹாம்ஷயரில், ஆஷ்ஃபீல்டு வட்டாரத்தில், அன்னஸ்லி உட்ஹவுஸ் என்ற சுரங்கக் கிராமத்தில் வளர்ந்தவர். அந்த வட்டாரத்தில் 2004 கோடையில் அடுத்தடுத்து இரண்டு கொலைகள் நடந்தன. ஒன்றுக்கொன்று தொடர்பு கிடையாது. கொலையாளிகள் தேடப்பட்டது பக்கத்திலிருந்த காடுகளில். வெளி மாவட்டப் போலீசார் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கினார்கள். ஊர்க்காரர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. இருபது ஆண்டுகளுக்கு முன், 1984 இல், இதே தெருக்களில் இதேபோல் வெளியூர்ப் போலீஸ் வந்து நின்றது. கிரஹாம் தன் கதையை அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்.

தொடரில் கேரி ஜாக்சன் என்ற முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஓர் இரவில் அம்பு பாய்ந்து இறக்கிறார். 1984 வேலைநிறுத்தத்தில் கடைசிவரை நின்றவர். அன்று வேலைக்குப் போனவர்களை இன்றும் முகத்துக்கு நேரே கருங்காலி என்று அழைக்கக்கூடியவர். அவருடைய மனைவி ஜூலியும் ஜூலியின் சகோதரி கேத்தியும் அருகருகே குடியிருக்கிறார்கள். ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. கேத்தியின் கணவர் வேலைக்குப் போன பக்கத்தைச் சேர்ந்தவர். வழக்கை விசாரிக்கும் இயன் செயின்ட் கிளேர் அதே ஊர்க்காரர். அவருக்குத் துணையாக லண்டனிலிருந்து வருகிற கெவின் சாலிஸ்பரி, 1984 இல் இதே ஊருக்கு அனுப்பப்பட்ட பெருநகரப் போலீஸ்காரர். எல்லோரும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: பழைய பகை. ஊரும் போலீசும் பார்வையாளர்களான நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். கொன்றவனோ 1984 இல் பிறந்தே இராத ஓர் இளைஞன். தொடரைப் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிச்சுகளை அவிழ்க்காமல் இதைப் பேச முடியாது.

1984 இல் நடந்தது என்ன என்று இன்றைய மாணவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு மார்ச் 6 அன்று, பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியம் இருபது சுரங்கங்களை மூடப்போவதாகவும், இருபதாயிரம் வேலைகள் போகும் என்றும் அறிவித்தது. யார்க்ஷயர் முதலில் எழுந்தது. ஆர்தர் ஸ்கார்கில் தலைமையிலான தேசிய சுரங்கத் தொழிலாளர் சங்கம் நாடு தழுவிய வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது. ஓராண்டு நீடித்த போராட்டம் 1985 மார்ச்சில் எந்த உடன்பாடும் இல்லாமல் முடிந்தது. மூடப்போவது இருபதுதான் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. எழுபதுக்கும் மேல் என்று ஸ்கார்கில் சொன்னார். பொய் சொல்கிறார் என்றார்கள். முப்பது ஆண்டு கழித்து, 2014 ஜனவரியில் அமைச்சரவை ஆவணங்கள் வெளியானபோது, 75 சுரங்கங்களை மூடும் திட்டம் 1983 இலேயே தாட்சரின் மேசைக்குப் போயிருந்தது தெரியவந்தது.

நாட்டிங்ஹாம்ஷயர் சேரவில்லை. அந்த வட்டாரத்தில் நடந்த வாக்கெடுப்பில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் வேலைநிறுத்தம் வேண்டாம் என்றார்கள். ஏன் என்பதற்குச் சுலபமான பதில் ஒன்று உண்டு: சுயநலம். அவர்களுடைய சுரங்கங்களில் படுகைகள் தடிமனானவை, இயந்திரங்கள் புதியவை, ஊக்கத்தொகை அதிகம். தங்கள் சுரங்கத்துக்கு ஆபத்து வராது என்று நம்பினார்கள். இது உண்மை, ஆனால் முழு உண்மையல்ல. தேசிய அளவில் வாக்கெடுப்பு நடத்தாமல் எங்களை எப்படி இழுக்கலாம் என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. சங்கத் தலைமை கடைசிவரை அந்த வாக்கெடுப்பை நடத்தவில்லை. அது பெரிய பிழை என்றே நாங்கள் நினைக்கிறோம். அதே வேளையில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. உற்பத்தி அளவுக்கேற்ற ஊக்கத்தொகைத் திட்டத்தை 1977 இல் நடந்த தேசிய வாக்கெடுப்பு நிராகரித்தது. அந்த முடிவை மீறி வட்டார அளவில் அதை ஏற்றுக்கொண்டவர்களில் நாட்டிங்ஹாம்ஷயர்காரர்களும் உண்டு. தேசிய வாக்கெடுப்பு அன்று அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. 1984 இல் அதுதான் எல்லாம் என்றார்கள். அந்தத் திட்டத்தால்தான் வட்டாரத்துக்கு வட்டாரம் கூலி வேறுபட்டது. ஒரே சங்கத்தில் இருந்தவர்களின் நலன்கள் வேறுவேறு திசையில் போனது அப்போதுதான்.

இதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. 1926 இல் சுரங்கத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் கதவடைப்பைத் தாங்கி நின்றபோது, ஜார்ஜ் ஸ்பென்சர் என்ற நாட்டிங்ஹாம்ஷயர் தலைவர் தனியே பேசி வேலைக்குத் திரும்ப வழி செய்தார். முதலாளிகளின் ஆதரவோடு தனிச் சங்கமும் கண்டார். அது 1937 வரை நீடித்தது. ஆகவே 1984 இல் பிற வட்டாரத்தார் கருங்காலி என்றபோது அது ஐம்பது அறுபது ஆண்டு வசைக்கு வந்த புதிய வட்டி.

இதில் அதிகம் பேசப்படாதவர்கள் நாட்டிங்ஹாம்ஷயரிலேயே வேலைநிறுத்தம் செய்த சிறுபான்மையினர். யார்க்ஷயரில் வேலைநிறுத்தம் செய்தால் தெருவே உங்களோடு நிற்கும். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் காலையில் வேலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே பட்டினி கிடக்க வேண்டும். வேலைநிறுத்தக் குடும்பங்களுக்கு வரவேண்டிய அரசு உதவித்தொகையில், சங்கம் கொடுத்திருக்கும் என்று வைத்துக்கொண்டு, வாரத்துக்கு 15 பவுண்டைப் பிடித்தார்கள். சங்கம் அப்படி எதுவும் கொடுக்கவில்லை. பெண்கள் பொதுச் சமையல் நடத்தி ஊரைக் காப்பாற்றினார்கள். ஜூலியும் கேரியும் இந்தச் சிறுபான்மையைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய கசப்பின் ஆழத்தை இதைத் தெரிந்துகொள்ளாமல் புரிந்துகொள்ள முடியாது.

போலீஸ் விஷயத்துக்கு வருவோம். நாடு முழுவதிலிருந்தும் போலீசாரை இடம் மாற்றி அனுப்ப லண்டனில் ஒரு மையமே இயங்கியது. கென்ட் பகுதித் தொழிலாளர்கள் மறியலுக்கு வடக்கே போகவிடாமல் டார்ட்ஃபோர்டு சுரங்கப்பாதையிலேயே தடுக்கப்பட்டார்கள். நாட்டிங்ஹாம்ஷயர் எல்லைச் சாலைகளில் வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். லண்டன் போலீசார் மிகைநேரச் சம்பளத்தில் கிடைத்த நோட்டுகளைப் பட்டினி கிடந்தவர்களின் முன்னால் ஆட்டிக்காட்டினார்கள் என்பது சுரங்க ஊர்கள் பலவற்றில் இன்றும் சொல்லப்படுகிறது. ஓராண்டில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட கைதுகள். ஜூன் 18 அன்று யார்க்ஷயரின் ஆர்கிரீவில் குதிரைப் போலீஸ் பாய்ந்தது. 95 பேர் மீது வழக்கு. போலீசாரின் வாக்குமூலங்கள் நம்பத்தகாதவை என்று அம்பலமாகி, 1985 இல் அந்த வழக்கு சரிந்தது. 1991 இல் தெற்கு யார்க்ஷயர் போலீஸ் 39 பேருக்கு 4,25,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு போலீஸ்காரர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

இப்போது அந்தச் சொல். ஆங்கிலத்தில் ‘ஸ்கேப்’ என்றால் புண்ணின் மேல் காய்ந்து நிற்கும் பொருக்கு. நம் தொழிற்சங்க மொழியில் கருங்காலி. கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டுகிற மரம். இரண்டு சொற்களும் ஒரு செயலைக் குறிக்கப் பிறந்தவை: இன்ன நாளில், இன்ன வாயிலைத் தாண்டி, இவர் வேலைக்குப் போனார். ‘ஷெர்வுட்’ காட்டுவது அந்தச் செயலின் பெயர் மெல்ல மெல்லப் பிறப்பின் பெயராவதை. ஆளுக்கொரு மதுக்கூடம், ஆளுக்கொரு மன்றம் என்று ஊர் பிரிகிறது. திருமணத்துக்கும் சாவுக்கும் யார் வரலாம், வரக்கூடாது என்று கணக்கு வருகிறது. அன்று சிறுவனாக இருந்தவனும் பிறக்காதவளும்கூட அந்தப் பெயரைச் சுமக்கிறார்கள். ஒரு பெயர் பிறப்பால் ஒட்டிக்கொண்டால் அதன் கனம் என்ன என்று இந்த அரங்கில் உள்ளவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் இதைச் சாதியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அங்கே முதலில் ஒரு தேர்வு இருந்தது. நமக்கு அப்படி எந்தத் தேர்வும் தரப்படவில்லை.

ஒருவர் ஏன் வேலைநிறுத்தத்துக்கு வெளியே நின்றார் என்ற கேள்வி தலித் அரசியலுக்கு இன்னொரு வழியாகவும் தெரிந்ததுதான். 1928 பம்பாய் ஆலை வேலைநிறுத்தத்தின்போது, தலித் தொழிலாளர்களுக்கு நெசவுப் பிரிவில் இடமில்லை. தறி நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், தீட்டாம். எல்லாப் பிரிவிலும் வேலை என்பதைக் கோரிக்கைகளில் சேர்க்காவிட்டால் எங்கள் மக்களைப் பங்கேற்க வேண்டாம் என்று சொல்வேன் என்று அம்பேத்கர் நின்றார். தலைவர்கள் தயங்கித் தயங்கித்தான் ஏற்றார்கள். ஒற்றுமை கேட்பவர்கள் முதலில் யாரைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள் என்று கேட்பது அங்கே நியாயம். நாட்டிங்ஹாம்ஷயரில் நிலைமை தலைகீழ்: வெளியே நின்றவர்கள் ஒதுக்கப்பட்டவர்கள் அல்லர், வசதி கூடியவர்கள். ஆகவே காரணத்தைக் கேட்பதும் மன்னிப்பதும் ஒன்றல்ல. கேட்ட பிறகும் சிலரை மன்னிக்க முடியாமல் போகலாம். தொடரில் கேரி ஜாக்சன் மன்னிக்கவே இல்லை. அவரை நாங்கள் குறைசொல்ல மாட்டோம்.

தொடரின் நடு நரம்பு வேறோரிடத்தில் இருக்கிறது. கேரியின் பழைய கைது ஆவணத்தில் சில வரிகள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருக்கின்றன. ஏன்? அந்த நாட்களில் போலீஸ் அனுப்பிய ஒற்றர் ஒருவர் போராட்டக்காரர்களுக்குள் இருந்தார். ‘கீட்ஸ்’ என்ற கவிஞரின் பெயர் அந்த ஒற்றருக்குக் குறிப்பெயர். போராட்டம் முடிந்த பிறகும் அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. அங்கேயே மணந்து, பிள்ளை பெற்று, தெருவில் எல்லோரோடும் வாழ்ந்துகொண்டிருக்கிறார். கேரி சாகும் வரை தேடிக்கொண்டிருந்தது இந்த ஆளைத்தான்.

இது எழுத்தாளரின் வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. லண்டன் போலீசின் சிறப்புப் பிரிவில் 1968 இல் ஒரு ரகசிய அணி தொடங்கப்பட்டது. அதன் ஆட்கள் நீண்ட முடி வளர்த்து, இறந்துபோன குழந்தைகளின் பெயர்களைத் திருடிப் புதிய அடையாளம் செய்துகொண்டு, போர் எதிர்ப்பு, இனவெறி எதிர்ப்பு, இடதுசாரிக் குழுக்களுக்குள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். ரகசியப் போலீசார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளை வேவு பார்த்திருக்கிறார்கள். நாட்டிங்ஹாமுக்கே இதில் நேரடித் தொடர்பு உண்டு. மார்க் ஸ்டோன் என்ற பெயரில் சூழலியல் செயற்பாட்டாளராக அந்நகரில் வாழ்ந்தவர் உண்மையில் மார்க் கென்னடி என்ற போலீஸ்காரர். ராட்கிளிஃப் அனல்மின் நிலையத்துக்கு எதிராகத் திட்டமிட்டதாக 2009 ஏப்ரலில் நாட்டிங்ஹாமில் 114 பேர் கைதானார்கள். அந்தத் திட்டத்துக்குள் அவரும் இருந்தார். அவருடைய வேடம் கலைந்ததும் 2011 இல் வழக்கு சிதறியது. ரகசியப் போலீஸ் குறித்த பொது விசாரணை 2015 இல் அமைக்கப்பட்டது. அதில் பாதிக்கப்பட்ட தரப்பாகச் சுரங்கத் தொழிலாளர் சங்கமும் இடம்பெற்றிருக்கிறது.

ஒற்றரை வைத்து அரசு என்ன தகவலைப் பெற்றது என்பதைவிட, ஒற்றர் இருக்கலாம் என்ற எண்ணம் ஊரை என்ன செய்தது என்பதில்தான் தொடரின் கூர்மை இருக்கிறது. அரசுக்கு ஒற்றர் ஓராண்டுக்குத்தான் தேவைப்பட்டார். சந்தேகமோ சம்பளம் வாங்காமல் நாற்பது ஆண்டு வேலை பார்த்தது. கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது, இன்று பேசியதை யார் கொண்டுபோய்ச் சொல்வார் என்று பக்கத்தில் நடப்பவரைப் பார்க்கிற பழக்கம் இருக்கிறதே, அது ஓர் இயக்கத்தை உள்ளிருந்தே தின்றுவிடும். ஆதாரம் இல்லாமல் ‘போலீஸ் ஆள்’ என்று சொல்லப்பட்டு வெளியேறியவர்கள் உலகத்தில் எந்த இயக்கத்தில் இல்லை? அந்த மறைக்கப்பட்ட வரிகளைத் திறந்து காட்டியிருந்தால் ஒருவர் மட்டும் குற்றவாளியாகியிருப்பார். மறைத்ததால் ஊரே குற்றவாளிக் கூண்டில் நின்றது. கறுப்பு மையின் உண்மையான பயன் இதுதான் என்று நினைக்கிறோம்.

இங்கே தொடரோடு எங்களுக்கு ஒரு சண்டை இருக்கிறது. கிரஹாம் தன் ஒற்றரைப் பெண்ணாக்கியிருக்கிறார். டாஃப்னி ஸ்பாரோ என்ற அந்தப் பாத்திரத்தை லொரெய்ன் ஆஷ்பர்ன் மிக அருமையாகச் செய்திருக்கிறார். அவருடைய பயத்தையும் வெட்கத்தையும் பார்க்கிறபோது இரக்கம் வருகிறது. ஆனால் வரலாற்றில் நடந்தது என்ன? பெரும்பாலும் ஆண் போலீசார் செயற்பாட்டாளர்களான பெண்களோடு பொய்ப் பெயரில் குடும்பம் நடத்தினார்கள். சிலருக்குக் குழந்தைகளும் பிறந்தன. ஒருநாள் காணாமல் போனார்கள். ஏமாற்றப்பட்ட அந்தப் பெண்கள்தான் விடாமல் துப்பு துலக்கி இந்த ரகசியத்தை வெளியே இழுத்தார்கள். தொடரில் ஒற்றர் காதலுக்காகத் தங்கிவிடுகிறார்; நிஜத்தில் அவர்கள் போய்விட்டார்கள். இந்த மாற்றம் கதைக்கு உதவுகிறது, அரசுக்கும் உதவுகிறது. எங்கள் வாசிப்புக் குழுவில் இதை ஏற்காதவர்களும் உண்டு. ஒற்றரும் அந்த வர்க்கத்தின் பிள்ளைதான், அவரையும் அரசு பயன்படுத்தி எறிந்தது என்பது அவர்கள் வாதம். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

இன்னொரு குறை சுருக்கமாக. நாட்டிங்ஹாமுக்குப் பக்கத்து கெட்லிங் சுரங்கத்துக்குப் பல நாட்டுச் சுரங்கம் என்றே பெயர். கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள் அங்கே ஏராளமாக வேலை செய்தார்கள். தொடரின் சுரங்க நினைவில் அவர்கள் இல்லை. சுரங்கத் தொழிலாளி என்றதும் வெள்ளை முகம் மட்டும் நினைவுக்கு வருவது இப்படித்தான் உருவாகிறது.

வேலைக்குப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது? 1985 இல் அவர்கள் ராய் லிங்க் தலைமையில் ஜனநாயகச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் என்று தனியே பிரிந்தார்கள். அரசு தங்களைக் கைவிடாது என்று நம்பினார்கள். லிங்குக்கு 1990 இல் அரசு விருதும் கிடைத்தது. 1992 அக்டோபரில் அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் 31 சுரங்கங்களை மூடும் பட்டியலை வெளியிட்டார். நாட்டிங்ஹாம்ஷயர் சுரங்கங்களும் அதில் இருந்தன. விருது பெற்ற அதே லிங்க் சில்வர்ஹில் சுரங்கத்தின் அடியில் இறங்கி உட்கார்ந்து போராட வேண்டியதாயிற்று. அன்னஸ்லி சுரங்கம் 2000 இல் மூடப்பட்டது. நாட்டிங்ஹாம்ஷயரின் கடைசிச் சுரங்கமான தோர்ஸ்பி 2015 ஜூலையில் மூடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் யார்க்ஷயரின் கெல்லிங்லியோடு பிரிட்டனில் ஆழ்சுரங்கத் தொழிலே முடிந்தது. நின்றவருக்கும் போனவருக்கும் ஒரே முடிவு. பகை மட்டும் மிஞ்சியது. தலைமுறை தலைமுறையாகத் தொழிற்கட்சிக்கு வாக்களித்த ஆஷ்ஃபீல்டு 2019 இல் கன்சர்வேடிவ் கட்சிக்குப் போனது. வென்றவர் லீ ஆண்டர்சன், ஒரு முன்னாள் சுரங்கத் தொழிலாளி. 2024 இல் ரிஃபார்ம் கட்சிக்காக மறுபடியும் அங்கேயே வென்றார். தொடரின் இரண்டாவது கொலையில் சாகிறவர் கன்சர்வேடிவ் வேட்பாளரான ஒரு பெண் என்பதைக் கிரஹாம் சும்மா வைக்கவில்லை.

செயற்பாட்டாளர்கள் போராடிய அந்த ராட்கிளிஃப் அனல்மின் நிலையம்தான் பிரிட்டனில் நிலக்கரியால் இயங்கிய கடைசி மின்நிலையம். 2024 செப்டம்பர் 30 அன்று நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் பிரிட்டிஷ் அரசு ஆர்கிரீவ் நிகழ்வுகள் பற்றிப் பொது விசாரணையை அறிவித்தது. நடந்து 41 ஆண்டுகளுக்குப் பிறகு. அன்று இருபது வயதில் அடிவாங்கியவருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. சாட்சி சொல்ல வேண்டிய பலர் போய்விட்டார்கள். அந்த விசாரணை ஒரு நாளைப் பற்றியது, யார்க்ஷயரின் ஒரு களத்தைப் பற்றியது. நாட்டிங்ஹாம்ஷயர் கிராமத் தெருக்களில் அந்த ஓராண்டு போலீஸ் என்ன செய்தது என்பதற்குத் தனி விசாரணை எதுவும் இதுவரை இல்லை.